பூட்டிய பெட்டியைத் திறந்த கதை: பழைய எக்ஸ்பாக்ஸ் வீட்டு தியேட்டராகவும் ஆர்கேடாகவும் மாறியது எப்படி?

ஆண்ட்ராய்டு டிவி பெட்டி வைத்திருக்கும் பலருக்கும் ‘கோடி’ என்ற செயலி பழக்கமாக இருக்கும். நூறு லட்சம் என்கிற கோடி இல்லை. ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் படம், பாட்டு, போட்டோ எல்லாவற்றையும் டிவி திரையில் வரிசையாக அடுக்கிக் காட்டும் இலவச மென்பொருளின் பெயர் அது. 2014 வரை அதற்கு எக்ஸ்பிஎம்சி என்று பெயர். விரித்துச் சொன்னால், ‘எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர்’.

பெயரிலேயே எக்ஸ்பாக்ஸ் இருக்கிறதே, அப்படியென்றால் மைக்ரோசாஃப்ட் செய்ததா? இல்லை. மைக்ரோசாஃப்ட் போட்ட பூட்டை உடைத்தால் மட்டுமே ஓடக்கூடிய மென்பொருளாகத்தான் அது பிறந்தது. கேம் விளையாடுவதற்காக விற்கப்பட்ட ஒரு பெட்டியை, வாங்கியவர்களே திறந்து, அதில் படம் பார்த்தார்கள். கடைகளில் காசு போட்டு விளையாடிய பழைய ஆர்கேடு கேம்களை ஓட்டினார்கள். “காசு கொடுத்து வாங்கின பொருள். இதுல என்ன ஓட்டணும்னு நான்தானே முடிவு பண்ணணும்?” என்ற கேள்வியில் தொடங்கிய வேலை அது. அந்தக் கேள்விக்கு இன்னும் முழுசாகப் பதில் கிடைக்கவில்லை.

பெட்டிக்குள் என்ன இருந்தது?

முதல் எக்ஸ்பாக்ஸ் 2001 நவம்பர் 15 அன்று அமெரிக்காவில் 299 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. உள்ளே 733 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் பென்டியம்-3 வகை பிராசஸர், 64 எம்பி ரேம், என்விடியா கிராஃபிக்ஸ் சிப், 8 ஜிபி ஹார்டு டிஸ்க், டிவிடி டிரைவ், இணைய கேபிள் செருகும் போர்ட். ஹார்டு டிஸ்க்கை உள்ளேயே வைத்து வந்த முதல் கேம் கன்சோல் இதுதான்.

மூடியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. அட, இது கம்ப்யூட்டர்தானே! கண்ட்ரோலரைச் செருகும் துளைகூட உள்ளுக்குள் சாதாரண யுஎஸ்பிதான். பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

ஆனால், கம்ப்யூட்டரில் செய்வதுபோல விருப்பப்பட்ட மென்பொருளை இதில் போட முடியாது. மைக்ரோசாஃப்ட்டின் டிஜிட்டல் கையொப்பம் உள்ள நிரல் மட்டுமே ஓடும். அதற்குக் காரணம் வியாபாரம். பெட்டியை அடக்க விலைக்கும் குறைவாக, நஷ்டத்துக்கு விற்பது. பிறகு விற்கும் ஒவ்வொரு கேமிலும் கிடைக்கும் பங்கில் அந்தப் பணத்தை மீட்பது. கன்சோல் தொழிலில் இது வழக்கமான கணக்கு. வாங்கியவர் கேமே வாங்காமல் அதை மலிவான கம்ப்யூட்டராகப் பயன்படுத்தினால், அல்லது திருட்டு கேமை ஓட்டினால், கணக்கு உதைக்கும். ஆகவே, பூட்டு வெறும் பாதுகாப்பு ஏற்பாடு மட்டும் அல்ல. வியாபாரமே அதை நம்பித்தான் நின்றது.

பூட்டு எப்படித் திறந்தது?

கன்சோலை ஆன் செய்ததும் பிராசஸர் முதலில் படிப்பது, ஒரு துணைச் சிப்புக்குள் ஒளித்து வைக்கப்பட்ட 512 பைட் நிரலை. அடுத்து வரும் நிரலைப் பூட்டுத் திறந்து, சரிபார்த்து, வேலையை அதனிடம் ஒப்படைப்பது இந்தக் குட்டி நிரல்தான். சாவியும் அதற்குள்ளேயே இருந்தது. சிப்புக்குள் இருப்பதை யார் படித்துவிட முடியும் என்ற நம்பிக்கை.

அந்தச் சாவியைப் படித்தவர் ஆண்ட்ரூ ஹுவாங். ‘பன்னி’ என்ற பெயரால் அறியப்படும் அவர் அப்போது எம்ஐடியில் ஆய்வு மாணவர். துணைச் சிப்பிலிருந்து பிராசஸருக்குப் போகும் வழியில், இரண்டு சிப்களுக்கு இடையே உள்ள மெல்லிய செம்புத் தடங்களில் அந்த 512 பைட்டும் எந்த மறைப்பும் இல்லாமல் ஓடியது. அது போகும் வேகத்தில் யாராலும் ஒட்டுக்கேட்க முடியாது என்று வடிவமைத்தவர்கள் நினைத்திருந்தார்கள். ஹுவாங் அதற்கென்றே ஒரு சர்க்யூட் போர்டைச் செய்து, தடங்களின் மேல் பொருத்தி, ஓடிய தரவைப் பதிவு செய்தார். 2002-ல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. அடுத்து வந்த போர்டில் மைக்ரோசாஃப்ட் முறையை மாற்றியது. அதிலும் வேறொரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள்.

இந்த அனுபவத்தை அவர் ‘ஹேக்கிங் தி எக்ஸ்பாக்ஸ்’ என்ற நூலாக எழுதினார். ஒப்புக்கொண்டிருந்த பதிப்பகம் அமெரிக்காவின் டிஜிட்டல் காப்புரிமைச் சட்டத்துக்கு அஞ்சிப் பின்வாங்க, 2003-ல் அவரே முதலில் அச்சிட்டு விற்றார். 2013-ல், ஆரோன் ஸ்வார்ட்ஸின் நினைவாக அந்த நூலை இணையத்தில் இலவசமாகவே கொடுத்துவிட்டார்.

சாலிடரிங் இல்லாமல், ஒரு கேம் வழியாக

ஹுவாங்கின் வேலை வழி காட்டியது. சாதாரண பயனருக்குக் கிடைத்தவை இரண்டு முறைகள்.

ஒன்று, மோட்சிப். மதர்போர்டில் தொழிற்சாலைச் சோதனைக்காக விடப்பட்ட ஓர் இணைப்பு இருந்தது. உள்ளே இருக்கும் பூட் சிப் பதில் சொல்லாவிட்டால், கன்சோல் அந்த இணைப்பின் பக்கம் திரும்பி அங்கிருந்து நிரலைப் படிக்கும். ஆகவே, ஒரே ஒரு தடத்தைக் கிரவுண்டோடு இணைத்து உள்சிப்பை ஊமையாக்கிவிட்டு, சோதனை இணைப்பில் தங்கள் சிப்பைச் செருகினார்கள். ஆரம்பகால மோட்சிப்களுக்கு 29 வயர்களைச் சாலிடர் செய்ய வேண்டியிருந்தது. இந்த வழி தெரிந்ததும், அந்த வேலை சில நிமிடங்களாகச் சுருங்கியது.

இன்னொன்று, சாஃப்ட்மாட். பெட்டியைத் திறக்கவே வேண்டாம். 2003-ல் ‘007: ஏஜென்ட் அண்டர் ஃபயர்’ என்ற ஜேம்ஸ்பாண்ட் கேமில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காக கேம்கள் ஒரு ‘சேவ்’ கோப்பை வைத்திருக்கும் அல்லவா? அந்தக் கோப்பில் உள்ள எழுத்துகள் எவ்வளவு நீளம் என்பதை இந்த கேம் சரிபார்க்கவில்லை. பத்துப் பேர் உட்காரும் பெஞ்சில் முப்பது பேர் ஏறினால், பக்கத்து பெஞ்சுக்கும் வழிவார்கள். அதுபோல, அளவுக்கு மீறிய நீளத்தில் எழுதப்பட்ட தரவு பக்கத்து நினைவகத்துக்குள் வழிந்து, தன்னையே நிரலாக ஓட வைத்துக்கொள்ளும். கேம் அசல். டிஸ்க் அசல். கையொப்பமும் அசல். சேவ் கோப்பு மட்டும்தான் வேறு. ‘மெக்அசால்ட்’, ‘ஸ்பிளின்டர் செல்’ கேம்களிலும் இதே மாதிரியான ஓட்டைகள் கிடைத்தன. அந்த சேவ் கோப்பை மெமரி கார்டு மூலமோ, கண்ட்ரோலர் வயரை வெட்டி யுஎஸ்பி பிளக் ஒட்டி பென் டிரைவ் மூலமோ உள்ளே அனுப்பினார்கள்.

ஹாலுக்கு வந்த சினிமா

பூட்டைத் திறந்தவர்களில் ஒரு பகுதியினர் அடுத்துச் செய்தது, வீடியோ பிளேயர் எழுதியது. 2002-ல் ‘எக்ஸ்பாக்ஸ் மீடியா பிளேயர்’ வந்தது. அதிலிருந்து வளர்ந்த எக்ஸ்பிஎம்சியின் முதல் முழுப் பதிப்பு 2004 ஜூனில் வெளியானது.

அது எந்தக் காலம் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். யூடியூப் 2005-ல்தான் வந்தது. நெட்ஃபிளிக்ஸ் இணைய வழியில் படம் காட்டத் தொடங்கியது 2007-ல். குரோம்காஸ்ட் 2013-ல். கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை ஹாலில் இருக்கும் டிவியில் பார்க்க வேண்டுமென்றால், சிடியில் ரைட் செய்து எடுத்துவந்து பிளேயரில் போடுவதே வழி. பிளேயருக்கு அந்த ஃபார்மேட் பிடிக்காவிட்டால் அதுவும் இல்லை.

எக்ஸ்பிஎம்சி ஓடிய எக்ஸ்பாக்ஸில், உள்ளறைக் கம்ப்யூட்டரில் பகிர்ந்து வைத்த ஃபோல்டரை நெட்வொர்க் கேபிள் வழியாகத் திறக்கலாம். படத்தைக் காப்பி செய்ய வேண்டாம், அங்கிருந்தே ஓடும். டிவ்எக்ஸ், எக்ஸ்விட், எம்பி3, டிவிடி எதுவானாலும் பிரச்சினை இல்லை. பைத்தான் மொழி தெரிந்தவர்கள் சின்னச் சின்ன நிரல்கள் எழுதி வானிலை, இணைய வானொலி என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். இன்று ‘ஆட்-ஆன்’ என்று சொல்வதன் பழைய வடிவம் அது.

ஒரு சிக்கல் இருந்தது. எக்ஸ்பாக்ஸுக்கான நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்ற, மைக்ரோசாஃப்ட் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டும் தரும் கருவித் தொகுப்பு வேண்டும். இவர்களிடம் அந்த உரிமம் இல்லை. அதனால், எக்ஸ்பிஎம்சி குழு மூலநிரலை மட்டும் வெளியிட்டது. ஓடத் தயாரான கோப்பை அவர்கள் தரவில்லை. அது வேறு கைகள் வழியாகத்தான் பயனரிடம் போனது.

‘முஸ்தபா’ கேமும் எமுலேட்டரும்

இரண்டாவது பயன், ஆர்கேடு. தொண்ணூறுகளில் தமிழக நகரங்களின் வீடியோ கேம் கடைகளில் நின்றவர்களுக்கு ‘முஸ்தபா’ என்றால் விளக்க வேண்டியதில்லை. அந்த கேமின் உண்மைப் பெயர் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’. ஒரு காமிக்ஸின் உரிமம் பெற்று, 1993-ல் ஜப்பானின் கேப்காம் வெளியிட்டது. அதில் வரும் நான்கு பாத்திரங்களில் ஒருவரின் பெயர்தான் முஸ்தபா. நம்ம ஊரில் அவர் பெயரே கேமுக்கு நிலைத்துவிட்டது.

இந்த ஆர்கேடு கேம் அந்தக் காலத்தின் எந்த வீட்டுக் கன்சோலுக்கும் வரவில்லை. அதை விளையாட அந்த போர்டு வேண்டும். போர்டு இல்லையென்றால் எமுலேட்டர்தான்.

எமுலேட்டர் என்பது ஒரு கருவியைப் போலவே நடிக்கும் மென்பொருள். ஆர்கேடு போர்டில் ஒரு பிராசஸர், ஒரு ஒலிச் சிப், கேமைச் சுமக்கும் ரோம் சிப்கள் இருக்கும். ரோம் சிப்பில் உள்ளதை அப்படியே கோப்பாக எடுத்துவிட்டு, மற்ற சிப்கள் செய்யும் வேலையை மென்பொருள் ஒவ்வொரு கட்டளையாகச் செய்துகாட்டும். இதில் முன்னோடி, இத்தாலியின் நிக்கோலா சால்மோரியா 1997 பிப்ரவரியில் வெளியிட்ட ‘மேம்’. திறந்துவிடப்பட்ட எக்ஸ்பாக்ஸுக்கு ‘மேம்ஆக்ஸ்’ போன்ற வடிவங்களில் அது வந்து சேர்ந்தது. பிறகு ‘காயின்ஆப்ஸ்’ போன்ற தொகுப்புகள் வந்தன.

ஒரு கட்டளையை நடித்துக்காட்ட, நடிக்கும் பிராசஸர் பல கட்டளைகளை ஓட்ட வேண்டும். ஆகவே பல மடங்கு வேகம் தேவை. 1980-ன் பேக்மேன் ஓடியது சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் சிப்பில். 1991-ன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, 10 மெகாஹெர்ட்ஸில். 733 மெகாஹெர்ட்ஸ் எக்ஸ்பாக்ஸுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. திணறியது ரேமில்தான். நியோ ஜியோ வகையின் கடைசிக்கால கேம்கள் சில 80 எம்பியைத் தாண்டும். பெட்டியிலோ மொத்தமே 64 எம்பி. எமுலேட்டர் எழுதியவர்கள் கேமைத் துண்டு துண்டாக ஹார்டு டிஸ்க்கிலிருந்து இழுக்க வைத்தார்கள். சாலிடரிங்கில் கை தேர்ந்தவர்கள், மதர்போர்டில் காலியாக விடப்பட்டிருந்த நான்கு இடங்களில் கூடுதல் ரேம் சிப்களை வைத்து 128 எம்பியாக்கினார்கள்.

பழைய டியூப் டிவியோடு சேர்த்து இந்தப் பெட்டியை மர கேபினெட்டுக்குள் வைத்து, கண்ட்ரோலரின் போர்டிலிருந்து ஜாய்ஸ்டிக்குக்கும் பட்டன்களுக்கும் வயர் இழுத்தவர்களும் உண்டு. அதில் ஒரு பட்டன் காசுக்கு. ரோமில் இருப்பது கடையில் ஓடிய அதே நிரல் என்பதால், வீட்டிலும் அது காசு கேட்கும். பட்டனை அழுத்தினால், காசு விழுந்ததாக எடுத்துக்கொள்ளும்.

எமுலேஷனை வெறும் ஓசி விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாததற்கு ஒரு காரணம், கேப்காமின் அடுத்த தலைமுறை போர்டான சிபிஎஸ்-2. திருட்டு நகல்களைத் தடுக்க, கேமின் பூட்டைத் திறக்கும் சாவியை பேட்டரியில் ஓடும் நினைவகத்தில் வைத்திருந்தார்கள். பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும். நல்ல நிலையில் இருக்கும் போர்டு அதோடு செத்துப்போகும். வியாபாரத்துக்காகப் போட்ட பூட்டு, வியாபாரம் முடிந்த பிறகும் அந்த கேமைக் கொன்றுகொண்டிருந்தது. ஆர்வலர்கள் அந்தக் குறியாக்கத்தை உடைத்திருக்காவிட்டால், அந்த கேம்கள் பலவும் பேட்டரிகளோடு போயிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதில் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்சிப் வாங்கிய எல்லோரும் சினிமா பார்க்கவும் முஸ்தபா விளையாடவும் வாங்கவில்லை. வாடகைக்கு எடுத்த கேமை ஹார்டு டிஸ்க்கில் காப்பி போடுவது ஊரறிந்த பயன்பாடு. நஷ்டத்துக்குப் பெட்டியை விற்ற நிறுவனத்துக்கும், கேம் எழுதியவர்களுக்கும் அது உண்மையான இழப்பு.

நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. எமுலேட்டர் எழுதுவதற்காக ஒரு கருவியை ஆராய்வது நியாயமான பயன்பாடே என்று சோனிக்கும் கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ல் தீர்ப்பளித்தது. ஆனால், அங்குள்ள 1998-ம் ஆண்டுச் சட்டம் டிஜிட்டல் பூட்டை உடைப்பதையும், உடைக்கும் கருவியை விற்பதையும் தடுக்கிறது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமோ, பிளேஸ்டேஷன் மோட்சிப் அந்நாட்டுச் சட்டத்தின் அப்போதைய தடைக்குள் வராது என்று 2005-ல் கூறியது.

இந்தியாவில், 2012-ல் காப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதம். ‘மீறும் நோக்கத்தோடு’ என்ற சொற்கள் முக்கியம். சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு காரியத்துக்காகச் செய்தால் விலக்கு உண்டு. சொந்தப் பெட்டியில் சொந்தப் படத்தைப் பார்ப்பது வேறு. இணையத்தில் கிடைக்கும் ரோம் கோப்பை இறக்குவது வேறு. எண்பது, தொண்ணூறுகளின் கேம்களுக்குக் காப்புரிமை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. விற்பனையில் இல்லை என்பதற்காக அது பொதுச் சொத்தாகிவிடாது. எமுலேட்டர் வைத்திருப்பது குற்றமில்லை. அதில் எந்த ரோம் ஓடுகிறது என்பதில்தான் சிக்கல்.

இன்று ஒரு பழைய பெட்டி கையில் இருந்தால்?

செலவையும் வசதியையும் மட்டும் பார்த்தால், இன்று இந்த வேலை தேவையில்லை. உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை ஒன்றே இரண்டு வேலையையும் செய்யும். எக்ஸ்பாக்ஸில் ஹெச்டிஎம்ஐ கிடையாது. இன்றைய ஹெச்டி வீடியோ அதன் பிராசஸருக்குத் தாங்காது. நெட்ஃபிளிக்ஸ் ஓடாது. எக்ஸ்பிஎம்சி குழுவே 2010-ல் எக்ஸ்பாக்ஸுக்கான பதிப்பிலிருந்து விலகி, அதைத் தனிக் குழுவிடம் விட்டுவிட்டது.

ஆனால், உறவினர் விட்டுப்போன பெட்டி பரணில் இருக்கிறது, தூக்கிப்போட மனசில்லை என்றால், பிளக்கைச் செருகும் முன் சில விஷயங்கள்.

முதலாவது, மின்சாரம். அமெரிக்காவில் வாங்கிய பெட்டி 110 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் பவர் சப்ளை போய்விடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். தீ அபாயம் காரணமாக 2005-ல் மைக்ரோசாஃப்ட் 1.41 கோடி பெட்டிகளுக்கு மின்கம்பியை மாற்றித் தந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, கடிகார கெபாசிட்டர். கேபிளைப் பிடுங்கினாலும் கொஞ்ச நேரம் நேரத்தை நினைவில் வைத்திருக்க மதர்போர்டில் ஒரு கெபாசிட்டர் வைத்திருந்தார்கள். கடைசிப் பதிப்பைத் தவிர மற்றவற்றில் அது கசிந்து, சுற்றியுள்ள தடங்களை அரித்துவிடுகிறது. பூட்டு, சட்டம், மோட்சிப் எல்லாவற்றையும் தாண்டிவந்த பெட்டிகள் பல இதனால்தான் சாகின்றன. அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை ஆல்கஹாலால் துடைத்தால் போதும். மாற்று வைக்காவிட்டாலும் கன்சோல் ஓடும். மின்சாரம் போனால் தேதியை மட்டும் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவது, ஹார்டு டிஸ்க். ஒவ்வொரு பெட்டியும் தன் டிஸ்க்குக்குத் தனிக் கடவுச்சொல் போட்டிருக்கும். அதற்கான சாவி மதர்போர்டில் ஒரு சின்ன சிப்பில் இருக்கிறது. பழைய டிஸ்க் இன்னும் சுழலும்போதே அந்தச் சாவியைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. எடுக்காமல் டிஸ்க் செத்துவிட்டால், சாஃப்ட்மாட் வழியில் அதை மீட்பது பெரும்பாடு.

முதல் எக்ஸ்பாக்ஸ் சுமார் 2.4 கோடி விற்றது. அதன் ஆன்லைன் சேவையை மைக்ரோசாஃப்ட் 2010 ஏப்ரல் 15 அன்று நிறுத்திவிட்டது. திருட்டுத்தனமாகப் பிறந்த மென்பொருளோ லினக்ஸ், மேக், விண்டோஸ் என்று பரவியது. அதிலிருந்து கிளைத்த ஒன்றுதான் ‘பிளெக்ஸ்’. 2017 டிசம்பரில், ‘கோடி’ மறுபடியும் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது. இந்த முறை சேவ் கோப்பும் தேவைப்படவில்லை, சாலிடரிங்கும் தேவைப்படவில்லை. எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்காக, மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ஸ்டோரிலேயே கிடைத்தது.

பெயர் மாறிப் பல ஆண்டுகளாகியும், அதன் மூலநிரல் இருக்கும் கிட்ஹப் பக்கத்துக்கு இன்றும் எக்ஸ்பிஎம்சி என்றுதான் பெயர்.